அமுங்கிப்போன மேடு

நாவல்மேட்டில் சிலம்பன் என்ற அழுங்கு இருந்தது. உடம்பு முழுக்க ஓடு ஓடாகச் செதில் போர்த்திய எறும்புத்தின்னியைத்தான் அந்தக் காட்டில் அழுங்கு என்பார்கள். சிலம்பன் நடந்தால் செதில்கள் உரசிச் சலசலவென்று சத்தம் வரும். அதனால்தான் அந்தப் பெயர். மண் தோண்டுவதில் சிலம்பனை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது.

மேட்டைச் சுற்றி ஓர் ஆறு வளைந்து போயிற்று. ஐப்பசியில் அது பெருகினால் சுற்றியிருக்கும் காடெல்லாம் தண்ணீரில் மிதக்கும். நாவல்மேட்டில் மட்டும் ஒரு சொட்டு ஏறாது. கீரியும் அணிலும் முயலும் முள்ளம்பன்றியும் அங்கே வந்து குடியேறியது அதற்காகத்தான். மொங்கன் என்ற காட்டுப்பன்றி அவற்றுக்குத் தலைவர்.

ஒரு வருடம் மழையே இல்லை. ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. முயல்கள் நாக்கைத் தொங்கவிட்டு நிழலில் சரிந்துவிட்டன.

மொங்கன் சிலம்பனைக் கூப்பிட்டது.

"சிலம்பா! உன் நகத்துக்கு வேலை வந்திருக்கு. மேட்டு நடுவுல ஒரு குழி தோண்டு!"

சிலம்பன் எட்டு நாள் தோண்டியது. ஒன்பதாம் நாள் பாறை தட்டியது. பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் ஊறியது. மண் சரியாமல் இருக்கப் பாறையின் மேலேயே கல் அடுக்கி, குழியின் வாய் வரைக்கும் சுவர் எழுப்பியது. மேல் கல் தரையோடு தரையாக நின்றது. தவளைகூடத் தத்திப் போய்த் தண்ணீரைப் பார்க்கலாம்.

எல்லாரும் வயிறு நிறையக் குடித்தார்கள்.

"நீ இல்லேன்னா நாங்க செத்திருப்போம்!" என்று முயல் அழுதது. சிலம்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. அதில் தப்பும் இல்லை. அந்தக் குழி நல்ல குழிதான்.

அடுத்த வருடம் மழை பெய்தது. ஆறு ஓடியது. ஆனால் மொங்கனுக்கு வேறு யோசனை வந்துவிட்டது.

"சிலம்பா, சரிவுல கிர்ணிப்பழம் போடப்போறேன். இன்னும் ரெண்டு குழி வேணும்."

"ஆத்துலதான் தண்ணி ஓடுதே தலைவரே?"

"ஆத்துல ஆறு மாசம்தான் தண்ணி ஓடும். கோடையில எந்தக் காட்டுலயும் ஈரம் இருக்காது. அப்போ நம்மகிட்ட மட்டும் பழம் இருந்தா எப்படி இருக்கும்? பூமிக்கு அடியில இருக்கற தண்ணிக்கு யாரு விலை கேக்கப்போறா? எடுக்க எடுக்க நமக்குத்தான்! உனக்குக் குழிக்கு ஒரு கரையான் புற்று."

சிலம்பன் தோண்டியது. குரங்குகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டு சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டு மேலே கைமாற்றின. வாய்க்கால் ஓடியது. கொடி படர்ந்தது. சித்திரை வெயிலில் நாவல்மேடு முழுக்கக் கிர்ணிப்பழ வாசனை!

மலைக்காட்டுக் கரடிகள் மூக்கை நீட்டிக்கொண்டு வந்தன. தேனடையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் பழத்தைத் தூக்கிப் போயின. தேனும் கிழங்கும் மொங்கன் வீட்டுக்குப் போயின. மேட்டில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் தினம் ஒரு பழம் வந்தது. யாருக்கும் குறை இல்லை.

நாலாவது குழி ஆயிற்று. தண்ணீர் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. முதல் குழியில் மொள்ளுவதற்கு நாலு குரங்கு போதும். நாலாவது குழிக்குப் பதினோரு குரங்கு தேவைப்பட்டது. கூலியாகப் பதினோரு பழம்!

அந்தக் கோடையில்தான் தவளை ஓடிவந்து கத்தியது.

"முதல் குழியோட கல்லு வளருது! என்னால ஏறவே முடியல!"

எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். தரையோடு இருந்த கல் உயரமாக எழும்பி நின்றது.

"நம்ம மேட்டுக்கு நல்ல காலம் பொறந்தாச்சு!" என்றது மொங்கன். "கல்லே வளருது பாருங்க!"

அன்று முதல் செவ்வாயும் வெள்ளியும் அந்தக் கல்லுக்குப் பூப்போட்டுக் கும்பிட்டார்கள்.

சிலம்பன் கும்பிடவில்லை. உச்சிவெயிலில் எல்லாரும் கண்ணயர்ந்தபோது தனியாகப் போய்த் தன் வாலைக் கல்லின் பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்த்தது. பாதி வால் உயரம். குழிக்குள் இறங்கி அடியைத் தடவிப் பார்த்தது. கல் நகர்ந்த அடையாளமே இல்லை. பாறையில் அப்படியே உட்கார்ந்திருந்தது. சுற்றியிருந்த மண்தான் அமுங்கியிருந்தது.

நேராக மொங்கனிடம் ஓடியது.

"தலைவரே, கல்லு வளரல. மண்ணு இறங்குது!"

"என்ன உளர்றே?"

"அடியில களிமண்ணு இருக்கு. தண்ணியைக் குடிச்சு உப்பி நின்னுச்சு. அதுதான் இந்த மேட்டையே தூக்கிப் பிடிச்சிருந்துச்சு. நாம தண்ணியை இறைச்சிட்டோம். களிமண்ணு நசுங்குது. மேடு மெல்ல மெல்ல உக்காருது."

மொங்கன் கிழங்கு மெல்வதை நிறுத்தியது.

"எவ்வளவு இறங்கியிருக்கு?"

"என் வாலுல பாதி."

"பாதி வாலுக்கா இந்தப் பதட்டம்? இதை வேற யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் இல்ல."

"சொல்லாதே! அடுத்த கோடைக்கும் பழம் தர்றேன்னு கரடிங்ககிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்." மொங்கன் குரலைத் தாழ்த்தியது. "புளியமரத்தடியில பெரிய புற்று இருக்கே... அதை நீ எடுத்துக்கோ. இன்னும் மூணே மூணு குழி தோண்டிக் குடு. அப்புறம் நிறுத்திக்கலாம்."

புளியமரத்தடிப் புற்று ஒரு கரடி உயரம். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சிலம்பனுக்கு நாக்கில் நீர் ஊறும். சிலம்பன் 'சரி' என்று சொல்லவில்லை. 'முடியாது' என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் போய் ஐந்தாவது குழியைத் தோண்ட ஆரம்பித்தது.

சில நாள் கழித்துச் செவலை என்ற கீரி சிலம்பனைத் தேடி வந்தது. செவலைக்கு மூன்று குட்டிகள். கணவன் பாம்புக் கடியில் போய்விட்டது. தனியாக வளர்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஒரு நிமிஷம் என் வளைக்கு வந்து பாருங்களேன். வெளியில சொல்லவே வெட்கமா இருக்கு."

சிலம்பன் போயிற்று. வளையின் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். செவலையின் பாதம் நுழையும் அகலம். ஒரு குட்டி அதில் மூக்கை வைத்து மோந்துகொண்டிருந்தது.

சிலம்பனுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ஐந்தாவது குழி அங்கிருந்து இருபது அடிதான்.

"ஏன் அண்ணே இப்படி ஆகுது?"

உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு நேரம் இருந்தது. சிலம்பன் அந்த மூச்சை விட்டுவிட்டது.

"நீ ஈர மண்ணுல தோண்டியிருக்கே தங்கச்சி. சுவரைச் சரியாத் தட்டல."

செவலை தலையைக் குனிந்துகொண்டது.

"ஆமாண்ணே. அவர் போனப்புறம் அவசரத்துல தோண்டினது. என் தப்புதான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க!"

"சொல்ல மாட்டேன்," என்றது சிலம்பன். அந்த வாக்கைக் காப்பாற்றுவது அதற்கு ரொம்பச் சுலபமாக இருந்தது.

விரிசலைப் பூசக் குளவிகள்தான் வரவேண்டும். சேறு குழைத்துப் பூசுவதில் அவை கெட்டி. ஆனால் சும்மா வருமா? ஒரு விரிசலுக்கு இருபது புழு கேட்டன. செவலை நாள் முழுக்கப் புழு தேடி அலைந்தது. அன்றைக்குக் குட்டிகளுக்கு இரை இல்லை. குளவிகள் பூசிவிட்டுப் போயின. ஒரு மாதத்தில் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விட்டது. மறுபடியும் இருபது புழு. மறுபடியும் குட்டிகள் பட்டினி.

அணிலின் கடலைக் குழியில் எங்கிருந்தோ ஈரம் புகுந்து கடலையெல்லாம் முளைவிட்டது. முள்ளம்பன்றியின் பின்வாசல் ஒரு காலையில் தானாக மூடிக்கொண்டது. முயலின் வீட்டுக் கூரைக்கு மூன்று தடவை முட்டுக்கொடுத்தும் நிற்கவில்லை. ஒவ்வொருவரும் அது தன் வீட்டில் மட்டும்தான் என்று நினைத்தார்கள். தன் கைவேலைதான் மோசம் என்று கூனிக் குறுகினார்கள். விருந்தாளி வந்தால் விரிசலுக்கு முன்னால் இலையைச் சாத்தி மறைத்தார்கள். ஒருவர் வாய் திறந்திருந்தால் போதும், எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருக்கும். வெட்கம் யாரையும் வாய் திறக்கவிடவில்லை.

எல்லா வீட்டு விரிசலையும் பார்த்தது சிலம்பன் ஒன்றுதான். மண் விஷயம் என்றால் அதைத்தானே கேட்பார்கள்? அணிலிடம் "வேர் குத்தியிருக்கும்" என்றது. முள்ளம்பன்றியிடம் "உங்க முள்ளு இடிச்சிருக்கும்" என்றது. முயலிடம் "கூரையை ரொம்ப மெல்லிசா விட்டுட்டே" என்றது.

சிலம்பனின் மனைவி கொன்றை ஒருநாள் கேட்டது.

"தினமும் யாராவது உங்களைத் தேடி வர்றாங்க. திரும்பிப் போறப்போ எல்லாரும் தலையைக் குனிஞ்சுட்டே போறாங்களே, ஏன்?"

சிலம்பன் எழுந்து வெளியே நடந்தது. புளியமரத்தடிப் புற்றுக்குப் போய் நாக்கை உள்ளே விட்டது. கரையான்கள் நாக்கில் ஒட்டின. அன்றைக்கு விழுங்க முடியவில்லை. துப்பிவிட்டு வந்தது. மறுநாள் விழுங்கியது.

ஏழாவது குழியும் தோண்டி முடிந்தது.

அந்த வருட ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலையில் ஆறு கரை புரண்டது. பள்ளக்காட்டு எலிகளும் மான்களும் வழக்கம்போல் நாவல்மேட்டுக்கு நீந்தி வந்தன.

"ஏறி வாங்க, ஏறி வாங்க! இங்கே பயமே இல்ல!" என்று முயல் அவற்றை வரவேற்றது.

பேசிக்கொண்டிருக்கும்போதே முயலின் காலை ஏதோ நனைத்தது. குனிந்து பார்த்தது. தண்ணீர்!

மேட்டின் நடுப்பகுதி தட்டைப்போலக் குழிந்திருந்தது. ஏழு குழிகளும் இருந்த இடம் அது. ஆற்றுத் தண்ணீர் கிர்ணித் தோட்டத்தின் வழியாக ஏறி அந்தத் தட்டில் வந்து நிறைந்தது. விரிசல்கள் வழியாக வளைகளுக்குள் குடுகுடுவென்று இறங்கியது.

"தண்ணி! நாவல்மேட்டுல தண்ணி!"

அணில்கள் மரத்தில் பாய்ந்தன. முள்ளம்பன்றி பின்வாசல் இல்லாமல் முன்வாசலில் முட்டி மோதி வெளியே வந்தது. எங்கே ஏறுவது என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது மேட்டிலேயே உயரமான இடம் முதல் குழியின் கல்தான். அதன் உச்சியில் மொங்கன் நான்கு காலையும் ஒடுக்கிக்கொண்டு நின்றது.

செவலை ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு நாவல் மரத்தடிக்கு ஓடியது. அணில்கள் மேலிருந்து இழுத்துக்கொண்டன. திரும்பி ஓடி இரண்டாவதைக் கொண்டுவந்தது. மூன்றாவதற்குத் திரும்பியபோது வளை அங்கே இல்லை. வாசல் இருந்த இடத்தில் சேறு கொப்பளித்தது.

"என் குட்டி! உள்ள என் குட்டி!"

சிலம்பன் தண்ணீரில் பாய்ந்தது. நகம் பிய்யத் தோண்டியது. சேறு வந்து மூடியது. மறுபடி தோண்டியது. மூக்கில் சேறு, கண்ணில் சேறு. கடைசியில் ஒரு சின்ன வால் நகத்தில் தட்டுப்பட்டது. பிடித்து இழுத்து, மார்போடு அணைத்து, மேலே கொண்டுவந்தது. குட்டி ஆடவில்லை, அசையவில்லை. சிலம்பன் அதைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கியது. வாயிலிருந்து சேறு கொட்டியது. பிறகு ஒரு தும்மல்!

உயிர் இருந்தது. முன்னங்கால் மட்டும் மடங்கித் தொங்கியது.

செவலை ஓடிவந்து சிலம்பனின் காலில் விழுந்தது.

"அண்ணே! நீங்க எனக்குத் தெய்வம்! இந்தக் கடனை எந்தப் பிறவியில தீர்ப்பேன்!"

அந்த வார்த்தைகள் சிலம்பனின் செதில்களுக்கு அடியில் போய்ச் சுட்டன. அங்கே நிற்க முடியவில்லை. ஓடவும் முடியவில்லை. தலையை வயிற்றுக்குள் செருகிக்கொண்டு, வாலைச் சுற்றி, உருண்டையாகச் சுருண்டுவிட்டது.

"ஐயோ, அண்ணே! அடிபட்டுடுச்சா?" செவலை உருண்டையைத் தட்டியது.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னைக் கும்பிடாதே செவலை. உன் வீடு ஈர மண்ணால இடியல."

"என்ன சொல்றீங்க? ஒண்ணும் கேக்கல."

"மேடே அமுங்கிடுச்சு. நான் தோண்டின குழிங்கதான் காரணம். எனக்கு அது முன்னாடியே தெரியும். உன் வீட்டு விரிசலைப் பார்த்த அன்னிக்கே தெரியும்."

சுற்றி நின்றவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

செவலை தட்டுவதை நிறுத்தியது. அதன் குரல் மாறியிருந்தது.

"முகத்தைக் காட்டிச் சொல்லுங்க."

சிலம்பன் மெல்ல மெல்ல விரிந்தது. செவலையின் முகத்தைப் பார்த்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னது. பாதி வால் அளந்ததைச் சொன்னது. மொங்கனிடம் போனதைச் சொன்னது. புளியமரத்தடிப் புற்றைச் சொன்னது.

"பொய்!" என்று கல்லின் மேலிருந்து மொங்கன் கத்தியது. "தண்ணியில கிடந்து அவனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு! கல்லுதான் வளர்ந்துச்சு!"

"கல்லு வளர்ந்துச்சுன்னா, தண்ணி எப்படி தலைவரே உள்ள வந்துச்சு?" என்று கேட்டது அணில்.

மொங்கன் கல்லின் மேலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இரண்டு நாளில் வெள்ளம் வடிந்தது. சேற்றின் நடுவில் எல்லாரும் கூடினார்கள். அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்கள் திறந்தன.

"என் வீட்டு விரிசலுக்கு நூத்தி இருபது புழு குடுத்திருக்கேன்," என்றது செவலை.

"உன் வீட்டிலயுமா!" என்று முயல் துள்ளி எழுந்தது. "என் வீட்டுல மட்டும்தான்னு நினைச்சு, உன்னை உள்ளயே விடாம இருந்தேனே!"

"என் ரெண்டு வருஷக் கடலை போச்சு," என்றது அணில்.

"புது வாசல் தோண்டினேன். அதுவும் போச்சு. அதுக்காக ஒரு மாசம் இரை தேடப் போகல," என்றது முள்ளம்பன்றி.

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எல்லாருக்கும் தலை சுற்றியது. கிர்ணிப்பழத்தால் வந்த தேனும் கிழங்கும் ஒரு வீட்டில்தான் சேர்ந்தன. விரிசல் மட்டும் எல்லா வீட்டிலும் விழுந்தது. மொத்தத் தேனையும் கிழங்கையும் ஒரு பக்கம் வைத்தால்கூட, பூச்சுக்கும் முட்டுக்கும் போனதில் பாதிக்கு வராது. இடிந்த வீடுகள் வேறு. குட்டியின் கால் வேறு.

"எல்லாம் இந்த மொங்கனாலயும் சிலம்பனாலயும்தான்!" என்று முயல் சீறியது.

மொங்கன் திரும்பிக் கேட்டது.

"தினம் ஒரு பழம் வந்துச்சே, தின்னீங்களா இல்லியா? பதினோரு குரங்கு தொங்குதே, தண்ணி ஏன் இவ்வளவு கீழ போச்சுன்னு உங்கள்ல ஒருத்தராவது கேட்டீங்களா?"

அது கெட்ட எண்ணத்தோடு கேட்ட கேள்விதான். ஆனாலும் உண்மையான கேள்வி. முயல் தன் காலைப் பார்த்துக்கொண்டது. அணில் வாலால் முகத்தை மூடிக்கொண்டது.

அப்படிக் கேட்ட மொங்கனுக்கும் அடுத்த கோடையில் ஒரு நாள் வந்தது. கரடிகள் தேனடை சுமந்து பழத்துக்கு வந்தன. தோட்டம் இருந்த இடத்தில் காய்ந்த வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. "தலைவர் எங்கே? வாக்குக் குடுத்தாரே!" என்று கரடிகள் தேடின. மொங்கன் ஒரு புதருக்குப் பின்னால் மூக்கைக்கூட வெளியே நீட்டாமல் படுத்துக்கிடந்தது. எல்லாருக்கும் அதன் வால் தெரிந்தது. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. கரடிகள் தேனடையோடு திரும்பிப் போயின. மறுநாளே மொங்கன் தலைமையை விட்டு விலகிக்கொண்டது.

குடிக்க முதல் குழியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஆறு குழிகளையும் மண் போட்டு மூடினார்கள். மழைத் தண்ணீர் இறங்க இறங்க முதல் குழியில் தண்ணீர் பழைய மட்டத்துக்கு ஏறியது.

"தண்ணி ஏறிடுச்சு! இனி மேடும் ஏறிடும், இல்ல?" என்று அணில் ஆசையாகக் கேட்டது.

சிலம்பன் ஆற்றிலிருந்து ஈரக் களிமண் ஓர் உருண்டை எடுத்துவந்தது. இரண்டு கல்லுக்கு நடுவில் வைத்து அழுத்தியது. தண்ணீர் வழிந்து, உருண்டை அப்பளமாயிற்று. அதன் மேல் குடுக்கைத் தண்ணீர் முழுவதையும் ஊற்றியது. எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்பளம் நனைந்தது. உருண்டையாகவில்லை.

"ஏறாது," என்றது சிலம்பன். "இனிமே ஏறவே ஏறாது."

"அப்போ அடுத்த வெள்ளத்துக்கு என்ன பண்றது?"

"சுத்திலும் கரை போடணும். வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்னாடி பத்து நாள், எல்லா வீட்டிலிருந்தும் மண் சுமக்கணும்."

"எத்தனை வருஷத்துக்கு?"

"எப்பவும்," என்றது சிலம்பன். "உங்க பிள்ளைங்களும் சுமக்கணும். அவங்க பிள்ளைங்களும்."

புளியமரத்தடிப் புற்றையும் மற்றப் புற்றுகளையும் சிலம்பன் எல்லாருக்கும் பொதுவாக விட்டுக்கொடுத்தது. கொன்றை அதற்கு ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. அப்புறம் சிலம்பன் செவலையின் புது வளைக்குப் போயிற்று.

"உன் பங்கு பத்து நாளையும் நான் சுமக்கறேன் செவலை."

செவலை வாசலுக்குக் குறுக்கே நின்றது.

"என் பங்கை நானே சுமந்துக்குவேன். நீங்க என் வாசல்ல நிக்காதீங்க."

சிலம்பன் திரும்பிப் போயிற்று. கரையின் மறுகோடியில், தனியாக, மற்றவர்கள் வருவதற்கு முன்னாலேயே வந்து மண் போட்டது. மற்றவர்கள் போன பிறகுதான் போயிற்று. யாரும் அதை ஏசவில்லை. யாரும் பேசவும் இல்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அதற்கு.

இரண்டு வருடம் அப்படியே போயிற்று.

ஒருநாள் காலையில் கரை வேலை நடந்துகொண்டிருந்தபோது, மலைக்காட்டிலிருந்து ஓர் இளம் கரடி வந்தது.

"இங்க சிலம்பன்னு ஒருத்தர் இருக்காராமே? குழி தோண்டுறதுல பெரிய கெட்டிக்காரராமே?"

"நான்தான்."

"எங்க காட்டுல கிர்ணி போடப்போறோம். எட்டுக் குழி வேணும். குழிக்கு ரெண்டு புற்று! எங்க காட்டுப் புற்றெல்லாம் எவ்வளவு உசரம் தெரியுமா?"

வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சிலம்பன் மெலிந்துபோயிருந்தது. செதில்கள் தொளதொளவென்று தொங்கின.

"குடிக்க ஒரு குழி வேணும்னா சும்மாவே தோண்டித் தர்றேன்," என்றது சிலம்பன். "எட்டு முடியாது."

"ஏன்? எங்க காட்டுல தோண்டினா என்ன ஆகிடப்போகுது?"

"வா, குழி தோண்டினதால இங்க என்ன ஆச்சுன்னு காட்டறேன்."

சிலம்பன் கரடியைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போயிற்று. முயல் வீட்டின் முன்னால் நின்று சத்தமாகச் சொன்னது: "இங்க கூரை இடிஞ்சுச்சு. அவன் மெல்லிசாத் தோண்டினதுதான் காரணம்னு நான் சொன்னேன். பொய்." அணிலின் மரத்தடியில் நின்றது: "இங்க ரெண்டு வருஷக் கடலை போச்சு. வேர் குத்தினதுன்னு சொன்னேன். பொய்." முள்ளம்பன்றியின் மூடிப்போன வாசலில் நின்றது: "இங்கயும் பொய்." ஒரு வீட்டையும் விடவில்லை. வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பொழுது உச்சிக்கு வந்துவிட்டது.

கடைசியில் செவலையின் பழைய வளை இருந்த இடத்துக்கு வந்தார்கள். இடிபாட்டில் பாதியைத் தோண்டி, செவலை அதை இரை வைக்கும் இடமாக வைத்திருந்தது. வாசலில் கால் நொண்டும் குட்டி, இப்போது நன்றாக வளர்ந்து, உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் செவலை நின்றது.

சிலம்பன் பத்தடி தள்ளியே நின்றுவிட்டது.

"அந்தக் கால்..." என்று ஆரம்பித்தது. உடம்பு தானாகச் சுருள ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தது. "அந்தக் கால் என்னால போனது. இந்த வீட்டு விரிசலைப் பார்த்தப்பவே எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. ஒரு புற்றுக்காகச் சொல்லாம இருந்தேன்."

கரடி குட்டியைப் பார்த்தது. சிலம்பனைப் பார்த்தது. பிறகு தூரத்தில் தெரிந்த தன் மலைக்காட்டைப் பார்த்தது.

"விரிசல் எங்க இருக்கு? இங்கிருந்து எனக்கு ஒண்ணும் தெரியலியே," என்றது மெதுவாக.

செவலை சிலம்பனையே பார்த்தது. பிறகு வாசலிலிருந்து ஒதுங்கி நின்றது.

"வெளியில நின்னா தெரியாது," என்றது. "நீங்களே உள்ள கூட்டிட்டு வந்து காட்டுங்க."

சிலம்பன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போயிற்று. கரடி தலையை மட்டும் வாசலுக்குள் நுழைத்துப் பார்த்தது. தலையை வெளியே எடுத்தபின் அது எட்டுக் குழியை மறுபடி கேட்கவில்லை. கரையோரம் போய், ஒரு நடை மண்ணைத் தூக்கிக் கரையில் கொட்டிவிட்டு, மலைக்காட்டைப் பார்த்து வேகமாக நடந்தது.

ஒருவன் சத்தமில்லாமல் எடுக்கும் லாபத்துக்கு ஊரே தன் வீட்டு விரிசலில் விலை கொடுக்கிறது என்றால், அதைத் தெரிந்தும் சொல்லாமல் இருந்தவன் அந்த விலையை வெட்கத்தோடு வாழ்நாள் முழுக்கச் சுமந்தே ஆகவேண்டும்.